என் பேரில் போன ரொட்டி

1909 பிப்ரவரி 9, கெம்னிட்ஸ்

முதலாளியின் சட்டைக் காலர் ஒன்றை இஸ்திரிப் பெட்டியால் கருக்கிவிட்டேன். யாருக்கும் தெரியாமல் அடுப்பில் போட்டு எரித்தேன். இருபத்தொன்பது வயதில் நான் செய்கிற துணிச்சலான காரியம் இவ்வளவுதான்.

இன்றைக்கு விருந்து. முதலாளிக்குக் காலுறை ஆலை. நானூறு தறி ஓடுகிறது, இன்னும் இருநூறு வரப்போகிறதாம். மனிதருக்கு அது போதவில்லை. முட்டைக்கோஸைப் பரிமாறிக்கொண்டே அவர் பேசுவதைக் கேட்டேன்: "இங்கிலாந்துக்காரன் சாப்பிட்டு ஏப்பம் விட்டாச்சு, பிரெஞ்சுக்காரன் கை கழுவிட்டான். நாம பந்தி முடியிற நேரத்துல வந்து நிக்கிறோம். கப்பல் வேணும், நிலம் வேணும், நம்ம சரக்க வாங்க ஆள் வேணும்." எல்லாரும் தலையாட்டினார்கள். வாயில் முட்டைக்கோஸ் இருக்கும்போது ஜெர்மனிக்காரன் எதற்கும் தலையாட்டுவான்.

விருந்துக்கு வந்திருந்தவர்களில் ஒரு பெண்கள் சங்கத்துத் தலைவியம்மாள். நாம் பிடித்து வைத்திருக்கிற தென்மேற்கு ஆப்பிரிக்காவில் நம் ஆண்கள் தனியாகக் கிடந்து கெட்டுப்போகிறார்களாம். "நிலத்தப் பிடிச்சது சிப்பாய். அதத் தக்க வைக்கப்போறது நம்ம பொண்ணுங்களோட சமையல்கட்டு" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். என் முகத்தை அல்ல, கைகளை.

பிப்ரவரி 23

தென்மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகக் கப்பல் செலவு சங்கத்துடையது. வேலை ஒரு பண்ணையில் வீட்டு நிர்வாகம், இரண்டு வருஷ ஒப்பந்தம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சங்கப் பத்திரிகைக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று ஒரு ஷரத்து. கையெழுத்துப் போட்டேன்.

டாக்டர் பல்லைப் பார்த்தார், இடுப்பைப் பார்த்தார். குதிரைச் சந்தையில் குதிரைக்காவது வாயில் ஒரு சர்க்கரைக்கட்டி வைப்பார்கள்.

இங்கே இருந்தால் என்ன? இன்னும் முப்பது வருஷம் காலர். அங்கே என் பேரில் ஒரு கதவாவது இருக்காதா?

ஏப்ரல் 20, கப்பலில்

பதினான்கு பெண்கள். பதினான்கு இறகு மெத்தைகள். போகிற இடம் பாலைவனம் என்று சங்கத்தில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

மே 11, ஸ்வாகோப்முண்ட்

கப்பல் கரைக்கு வராது. ஆழமில்லை. எங்களை நாலு நாலு பேராகக் கூடையில் உட்காரவைத்து, கயிற்றில் தூக்கி, அந்தரத்தில் ஆட்டி, படகில் இறக்கினார்கள். துடுப்புப் போட்ட கறுப்பு ஆட்கள் எங்களைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய காட்சிதான்.

படகு அணைகிற பாலத்தில் ஆண்கள் வரிசையாக நின்றார்கள். மீசையில் எண்ணெய், கையில் தொப்பி. ஒருவன் கத்தினான்: "கிறிஸ்துமஸ் பெட்டி வந்தாச்சு டோய்! பிரிச்சுப் பாக்கலாமா?" இங்கே எங்களுக்குப் பேரே அதுதானாம். வெட்கமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. பொய் சொல்ல இது சங்கப் பத்திரிகை அல்லவே.

மே 19, பண்ணை

கரிபிப் ரயில் நிலையத்திலிருந்து மாட்டு வண்டியில் ஒரு பகல், ஒரு இரவு. பண்ணைக்குப் 'புது ஹோல்ஸ்டைன்' என்று பலகை. முள்ளும் கல்லும்தான், ஆனால் நல்ல கிணறு ஒன்று இருக்கிறது.

முதலாளி கார்ஸ்டன் விட்கோப். நாற்பத்திரண்டு வயது, பழைய சிப்பாய், அளந்துதான் பேசுகிறார். வீட்டில் டோர்த்தியா என்று ஒரு சமையல்காரி. பழுப்பு நிறம், என்னைவிடத் தெளிவான ஜெர்மன், மிஷன் பள்ளியில் படித்ததாம். அவளுக்கு இரண்டு பெண் குழந்தைகள்: லிஸ்பெத்துக்கு எட்டு, மினாவுக்கு நாலு.

இரண்டு பேருக்கும் விட்கோப்பின் காது. பார்த்தேன். பார்க்காத மாதிரி வைத்துக்கொண்டேன்.

மே 30

முதல் கடிதம் எழுதி அனுப்பியாகிவிட்டது.

வானம், நட்சத்திரம், நாய்க்குட்டி எல்லாம் எழுதினேன். 'நேர்மையான ஒரு உழவர்' என்று விட்கோப்பை எழுதினேன். பிறகு ரொட்டி. இங்கே சாப்பிடுகிற ரொட்டியைப் போல் கெம்னிட்ஸில்கூடச் சாப்பிட்டதில்லை. டோர்த்தியா அதைச் சுடுவது வெளியே, ஒரு கறையான் புற்றில். ஆள் உயரப் புற்று. உள்ளே குடைந்து, தீ மூட்டி, தணலை வாரி எறிந்துவிட்டு, மாவை வைத்து மண்ணால் வாயைப் பூசிவிடுவாள். புற்றில் ரொட்டி என்று எழுதினால் சங்கத்தம்மாள்கள் மூக்கைப் பிடிப்பார்கள். ஆகவே இப்படி எழுதினேன்: 'ஜெர்மன் கை பட்டால் பாலைவனத்திலும் ரொட்டி உப்பும். நான் சுடும் ரொட்டியின் மணத்தில் எங்கள் உழவர் வயலிலிருந்து ஓடி வருகிறார். சகோதரிகளே, தயங்காதீர்கள், வாருங்கள்.'

டோர்த்தியாவைப் பற்றி ஒரு வரி இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இவ்வளவு சுலபமா?

ஜூன் 14

மினா விளையாடும்போது விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். "அப்பா!" என்று அலறிக்கொண்டு விட்கோப்பிடம் ஓடினாள். அவர் அவளைத் தூக்கவில்லை. நான் பக்கத்தில் நின்றதால் தூக்கவில்லை. கை பாதி நீண்டு திரும்பிப் போனதைப் பார்த்தேன்.

நேரே சமையல்கட்டுக்குப் போனேன். "யாரு நீ?" என்று கேட்டேன்.

டோர்த்தியா கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியிலிருந்து ஒரு துணிச்சுருளை எடுத்தாள். உள்ளே தேவாலயக் கல்யாணப் பத்திரம், 1899. பாதிரியார் கையெழுத்து, விட்கோப் கையெழுத்து, அவள் கையெழுத்து. மூன்றின் குறுக்கேயும் சிவப்பு மையில் ஒரு கோடு.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னால கோர்ட்டுல சொல்லிட்டாங்கம்மா. வெள்ளக்காரரும் எங்க ஆளும் பண்ணிக்கிட்ட கல்யாணம் எதுவும் கல்யாணமே இல்லையாம். ஆபீஸ்ல அந்தத் தொர கோடு போடும்போது அளவுகோல் வெச்சுத்தான் போட்டாரு. கோணக்கூடாது பாருங்க."

"அப்ப இந்தப் பத்து வருஷம்?"

"அதுக்கும் சேத்துத்தான் கோடு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஜூன் 15

இன்னும் கேட்டேன். அந்தக் கிணறு அவள் அப்பாவுடையது. தெற்கே கேப் நாட்டிலிருந்து வந்த வண்டிக்காரர். இந்த மண்ணின் ஹெரேரோ இனப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிக் கிணறு வெட்டினார். விட்கோப் அவளைக் கட்டியபோது கிணறும் அறுபது மாடும் கூட வந்தன. ஜெர்மன் படையோடு நடந்த சண்டை முடிந்ததும் ஹெரேரோக்காரர்களின் நிலம், மாடு எல்லாம் அரசாங்கத்துக்கு. இந்தக் கிணறு மட்டும் தப்பியது, ஒரு வெள்ளைக்காரன் பேரில் இருந்ததால்.

"அவர் பேர்ல இருந்ததால எங்களுக்குத் தண்ணி மிஞ்சிச்சுன்னு சாமிக்கு நன்றி சொன்னேன்" என்றாள்.

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய்யை வாங்கிக்கொண்டு, பெண்டாட்டியின் கையைத் தட்டிவிட்டார்கள்.

ஜூன் 20

விட்கோப்பிடம் முகத்துக்கு நேரே கேட்டேன். குழாயில் புகையிலையை அடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கு ஓட்டு இல்ல. உழவர் சங்கத்துல எடம் இல்ல. கிணறு தோண்டுற எந்திரத்துக்கு மனுப் போட்டா, 'கறுப்புப் பொண்டாட்டிக்காரன்'னு தூக்கி எறியிறான். என்கூடச் சண்டை போட்டவன், என் பக்கத்துல செத்துக்கிட்டுக் கெடந்தவன், தண்ணி குடுத்தேன் அவனுக்கு! இப்ப கரிபிப்ல பாத்தா தெரு மாறிப் போறான்."

"அதனால ஒரு வெள்ளப் பொம்பளைய வரவழைச்சீங்க."

"சங்கத்துலதான் சொன்னாங்க. வீட்ட ஒழுங்கு பண்ணினா எல்லாத்தையும் திருப்பித் தருவாங்களாம்."

எனக்கு எந்த ஊரிலும் ஓட்டுக் கிடையாது. அவருக்கு ஓட்டு வாங்கித் தர மட்டும் நான் வேண்டும். போர்க்கப்பல், கொடி, பேண்டு வாத்தியம், கெம்னிட்ஸ் முதலாளியின் இருநூறு தறி — அத்தனையும் கடைசியில் என் இறகு மெத்தையில் வந்து நிற்கிறது.

ஜூலை 2

டோர்த்தியாவோடு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்திருக்கிறேன். விட்கோப் தனியாக மேசையில். அவருக்கு அது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆகஸ்ட் 17

போலீஸ்காரன் குதிரையில் வந்தான். பையிலிருந்து ஒரு பித்தளை வில்லையை எடுத்தான். ஏழு வயது தாண்டிய சுதேசிகள் எல்லாரும் கழுத்தில் எண் போட்டுக்கொள்ள வேண்டும். டோர்த்தியாவுக்கு முன்பே ஒன்று உண்டு. அவள் ரவிக்கைக்குள் மறைத்துவிடுவாள். இன்று லிஸ்பெத்துக்கு. எண் 2316.

"இது அவரோட பொண்ணு" என்றேன் நான்.

போலீஸ்காரன் விட்கோப்பைப் பார்த்தான். நல்ல பையன்தான், கொஞ்சம் தயங்கினான். "சார், காகிதத்துல அப்படி எதுவும் இல்லையே. நீங்க ஏதாவது சொல்றீங்களா?"

சொல்லுய்யா. வாயைத் திறந்து சொல்லேன்! உன் காதுதானே அந்தப் பிள்ளை தலையில் ஒட்டியிருக்கு!

விட்கோப் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

லிஸ்பெத்துக்கு வில்லை பளபளவென்று இருந்ததில் சந்தோஷம். "எனக்கு மட்டுந்தான், மினாவுக்கு இல்ல" என்று ஆட்டிக் காட்டினாள். டோர்த்தியா கயிற்றின் முடிச்சை அவிழ்த்து, கழுத்தை உறுத்தாதபடி திருப்பிக் கட்டினாள். நான் என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கெம்னிட்ஸில் ஆசைப்பட்ட கதவு இதுதான்.

செப்டம்பர் 19

விட்கோப் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து கேட்டார். "அல்வினே, நீங்க சம்மதிச்சா கிறிஸ்துமசுக்குள்ள பதிவு பண்ணிடலாம்." யோசிக்க ஒரு வாரம் கேட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது?

செப்டம்பர் 22

மறுக்கப்போகிறேன் என்று டோர்த்தியாவிடம் சொன்னேன். என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

மாவு பிசைகிற கையை நிறுத்தினாள். "கட்டிக்கோ அல்வினே" என்றாள். முதல் முறையாக அம்மா போடவில்லை.

"பைத்தியமா உனக்கு? நீதானே அவர் பொண்டாட்டி!"

"அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். நீ கட்டிக்கிட்டா நான் சமையல்காரின்னு இங்கயே கெடப்பேன். எம் பிள்ளைங்க இந்தக் கிணத்துத் தண்ணி குடிச்சு வளருவாங்க. நீ போனா அவரு இன்னொரு பெட்டி வரவழைப்பாரு. வர்றவ என்கூட உக்காந்து சாப்பிடுவாளா? மினா அப்பான்னு கூப்பிடறத எத்தன நாள் பொறுப்பா?"

"இன்னொருத்தி இடத்துல போய் நான் எப்படி... எனக்கும் மானம்னு ஒண்ணு இருக்கு டோர்த்தியா."

"இருக்கட்டும். ஒன் மானத்துக்கு எம் பிள்ளைங்கதான் வெல குடுக்கணுமா?"

எழுந்து வந்துவிட்டேன். அவள் மறுபடி பிசையத் தொடங்கிய சத்தம் கேட்டது.

செப்டம்பர் 25

மூன்று நாளாகச் சண்டை, எனக்கும் எனக்கும். அவள் சொல்வது சரி. அவள் சொல்வதைச் செய்தால் நான் என்ன ஆவேன்? ஒவ்வொரு இரவும் விட்கோப் பக்கத்தில், ஒவ்வொரு காலையும் அவள் கண்ணுக்கு முன்னால். என்னால் ஆகாது. சங்கத்துக்கு எதிராக ஒரு தடவையாவது 'முடியாது' என்று சொல்ல வேண்டும். ஒருத்தியாவது சொன்னால் அவர்களுக்கு உறைக்காதா?

அக்டோபர் 4, ரயிலில்

மறுத்துவிட்டேன். மிச்ச ஒப்பந்தத்துக்கு ஸ்வாகோப்முண்டில் ஒரு ஹோட்டலில் துவைக்கிற வேலை.

கிளம்பும்போது டோர்த்தியா துணியில் சுற்றிய ரொட்டியை மடியில் வைத்தாள். வண்டி வளைவு திரும்பும் வரை லிஸ்பெத் கை ஆட்டினாள். வில்லை வெயிலில் மின்னிக்கொண்டே இருந்தது.

ரொட்டி நன்றாக இருந்தது. தொண்டையில் தடையில்லாமல் இறங்கியது, அதுதான் வெட்கக்கேடு.

டிசம்பர் 8, ஸ்வாகோப்முண்ட்

கடலிலிருந்து தினமும் மூடுபனி. துவைத்த விரிப்பு மூன்று நாளானாலும் காயாது. நிம்மதியாக இருக்கிறேன் என்று என்னிடமே சொல்லிக்கொள்கிறேன். செய்தது சரி. செய்தது சரிதானே?

1910 பிப்ரவரி 11

சங்கப் பத்திரிகை வந்தது. முதல் பக்கத்தில் என் கடிதம், கட்டம் போட்டு. ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. மாற்றியிருந்தால் திட்டுவதற்கு ஆள் கிடைத்திருக்கும்.

பிப்ரவரி 12

சங்கத்துக்கு எழுதினேன். ரொட்டி என்னுடையது இல்லை, அந்த வீட்டில் மனைவி இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், இதையும் கட்டம் போட்டு அச்சடியுங்கள் என்று.

ஏப்ரல் 6

தலைவியம்மாளிடமிருந்து பதில். 'வெயிலில் மனம் தளர்வது இயற்கை. உங்கள் முதல் கடிதத்தைப் படித்து முப்பத்தொரு பெண்கள் விண்ணப்பித்திருக்கிறார்கள். தாய்நாடு உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது.'

ஏப்ரல் 21

இன்று கப்பல் வந்தது. விரிப்புகளை அப்படியே போட்டுவிட்டுப் பாலத்துக்கு ஓடினேன். விட்கோப் நின்றிருந்தார், அதே கோட்டு. என்னைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார். முறை தவறாதவர்.

கூடையிலிருந்து இறங்கியவள் பேர் இர்மா. த்ஸ்விக்காவ் ஊர், சுரங்கக்காரர் மகள், இருபத்துமூன்று வயது. இன்று ராத்திரி எங்கள் ஹோட்டலில்தான் தங்கியிருக்கிறாள். அறைக்குத் தண்ணீர் கொண்டுபோனபோது என் பேரைச் சொன்னேன்.

துள்ளிக் குதித்தாள். "நீங்களா! ஐயோ, நீங்கதானா அக்கா!" பைபிளுக்குள்ளிருந்து கத்தரித்த காகிதத்தை எடுத்தாள். மடித்து மடித்து நடுவில் கிழிந்திருந்தது. "கப்பல்ல வாந்தி எடுத்துட்டே இதத்தான் படிச்சேன். அதே பண்ணைக்கே போறேன்!"

எல்லாவற்றையும் சொன்னேன். கிணறு, சிவப்புக் கோடு, 2316, புற்று, எல்லாம். அவள் முகம் மெல்ல மெல்ல மூடிக்கொண்டது.

"இதுல நேர்மையான உழவர்னு எழுதியிருக்கீங்க."

"பொய் எழுதினேன்."

"அப்ப பொய் எழுதினீங்களா, இப்ப பொய் சொல்றீங்களா? அவர் உங்கள வேண்டாம்னுட்டாராக்கும். துவைக்கிற வேலைக்கு வந்துட்டீங்க, வயித்தெரிச்சல்."

அவள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஊரை விட்டு, கூடையில் அந்தரத்தில் ஆடி வந்தவளுக்குத் திரும்பிப் போக எங்கே இடம்?

"சரி, ஒண்ணே ஒண்ணு கேளு" என்றேன். "டோர்த்தியாவ வெளியே அனுப்பிடாத. சமையல்காரியாவாவது வெச்சுக்கோ."

"வீட்டுக்காரி நான். அது எனக்குத் தெரியும்" என்றாள்.

ஜூன் 5

கல்யாணம் நடந்ததாம். உள்ளூர்ப் பத்திரிகையில் இரண்டு வரி. கீழேயே உழவர் சங்கத்தின் புது உறுப்பினர் பட்டியல்.

ஆகஸ்ட் 14

இர்மாவிடமிருந்து கடிதம். அப்படியே எழுதி வைக்கிறேன்.

'அன்புள்ள அக்கா, அன்றைக்குக் கோபமாகப் பேசிவிட்டேன், மன்னியுங்கள். இங்கே எல்லாம் நலம். கிணறு தோண்டும் எந்திரம் வந்துவிட்டது. அந்தச் சமையல்காரியையும் பிள்ளைகளையும் முதல் வாரமே அனுப்பிவிட்டேன். சின்னது என் கணவரைக் கூப்பிட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கே போனார்கள் என்று தெரியாது. வெளியே இருந்த அசிங்கமான மண் புற்றையும் இடித்துச் சமன் செய்துவிட்டோம். ஹாம்பர்க்கிலிருந்து இரும்பு அடுப்பு வந்திருக்கிறது. ஒரு உதவி வேண்டும். ரொட்டி எத்தனை தடவை சுட்டாலும் கல் மாதிரி வருகிறது. என் கணவர் ஒரு வாய் கடித்துவிட்டு வைத்துவிடுகிறார். உங்கள் கடிதத்தில் எழுதியிருந்தீர்களே, அந்த ரொட்டியை எப்படிச் செய்வீர்கள்? மாவை எதில் புளிக்க வைப்பீர்கள்? தயவுசெய்து உடனே எழுதுங்கள்.'

ஆகஸ்ட் 16

மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். பேரைச் சொன்னால் தேட மாட்டார்கள், எண்ணைச் சொன்னேன்: 2316. குமாஸ்தா பேரேட்டைப் புரட்டினான். ஜூன் மாதம் கரிபிப்பிலிருந்து வேலைக்குத் தெற்கே அனுப்பப்பட்டவர்கள் பட்டியலில் இருக்கிறதாம். எந்த இடம் என்று எழுதவில்லை. கூட ஒரு தாய், ஒரு தங்கை என்று உண்டா என்று கேட்டேன்.

"எண் இருந்தாத்தான் தெரியும். நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்றான்.

டோர்த்தியாவின் எண் எனக்குத் தெரியாது. ரவிக்கைக்குள் மறைத்து வைத்திருந்தாள். மினாவுக்கு இன்னும் ஏழு வயது ஆகவில்லை.

ஆகஸ்ட் 21

இர்மாவுக்குப் பதில் எழுத மூன்று நாளாக உட்காருகிறேன். திட்டி ஒன்று எழுதினேன், கிழித்தேன். கெஞ்சி ஒன்று எழுதினேன், கிழித்தேன். இன்று காலையில், சரி, அவள் கேட்டதற்காவது பதில் எழுதுவோம் என்று பேனாவை எடுத்தேன். 'மாவை' என்று எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை.

நாலரை மாதம் அந்த வீட்டில் தின்றேன். ஒரு நாள்கூட அந்தப் புற்றின் பக்கத்தில் குனிந்து, எப்படிச் செய்கிறாய் என்று கேட்கவில்லை. எனக்கு அந்த ரொட்டி சுடத் தெரியாது.